புயல்காரியும் ஒரு டம்ளர் டீயும்

"மாஸ்டர், இருக்கறதுலயே பலமான ஆளைத்தான் எடுக்கறேன். அப்புறமும் எப்படித் தோக்கறோம்?"

தீர்த்தகிரி கேட்டது சலோமியை. தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மாடியில் இருக்கிற கேமிங் சென்டரில் அவள்தான் பயிற்சி கொடுப்பவள். அவனைவிட மூன்று வயது சின்னவள். ஆனாலும் அந்தப் படி ஏறிவிட்டால் அவனுக்கு அவள் மாஸ்டர்.

ஆட்டம் இதுதான். இரண்டு பேர் சேர்ந்து ஒரு கோட்டையைக் காக்க வேண்டும். வலது வாசல் தீர்த்தகிரிக்கு, இடது வாசல் அவன் கூட்டாளி செங்கோடனுக்கு. எந்தப் படை வேண்டுமோ அவரவர் எடுத்துக்கொள்ளலாம்.

தீர்த்தகிரி எப்போதும் எடுப்பது புயல்காரியை. ஒருத்தியே ஒரு படையைச் சாய்ப்பாள். ஆனால் ஆட்டுகிறவனின் பத்து விரலும் ஓயக் கூடாது.

"ஞாயித்துக்கிழமை போட்டியிலயும் இப்படியே போச்சுன்னா, நான் வேற ஆளைப் பாத்துக்கறேன் மாஸ்டர்," என்றான் செங்கோடன். ஆறு வருஷம் ஒன்றாக ஆடியவன். சொல்லும்போது தீர்த்தகிரியின் முகத்தைப் பார்க்கவில்லை.

சலோமி கீழே போய் ஒரு டீ வாங்கி வந்து தீர்த்தகிரியின் கைப்பக்கம் வைத்தாள்.

"ஆடுங்க. நடுவுல குடிச்சுக்குங்க."

ஆடினான். புயல்காரி சுழன்ற சுழலில் பதினோரு பேர் விழுந்தார்கள். பன்னிரண்டாவது ஆளைத் தேடும்போது திரை இருண்டது. இடது வாசல் வழியே கோட்டை போய்விட்டது.

"பதினோரு பேரைச் சாய்ச்சேன்டா," என்றான்.

"மூணு தடவை கூப்பிட்டேன்டா," என்றான் செங்கோடன்.

"எப்படா கூப்பிட்ட?"

சலோமி டம்ளரைக் காட்டினாள். டீயின் மேல் ஆடை படர்ந்திருந்தது.

மறுபடி டீ வந்தது. இந்தத் தடவை இரண்டு. ஒன்று அவளுக்கு.

"இப்ப ஈட்டிக்காரங்களை எடுங்க."

"அது சின்னப் பசங்க எடுக்கறது மாஸ்டர். நிறுத்தி வெச்சா அது பாட்டுக்கு நிக்கும்."

"நிக்கட்டுமே."

நின்றார்கள். எதிரிகளில் விழுந்தது நாலே பேர். தீர்த்தகிரிக்கு மானம் போன மாதிரி இருந்தது. கை சும்மா கிடக்கவே, டீயை எடுத்துக் குடித்தான். குடிக்கும்போதுதான், "இடது வாசல்டா," என்று பக்கத்தில் குரல் கேட்டது. பாதிப் பேரை அந்தப் பக்கம் திருப்பினான்.

கோட்டை நின்றது.

"அப்போ புயல்காரி வேஸ்ட்டா மாஸ்டர்?"

சலோமி அவன் நாற்காலியில் உட்கார்ந்து, தன் டம்ளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, புயல்காரியை எடுத்தாள். ஒன்பது பேரைச் சாய்த்தாள். நடுவே, "செங்கோடன், உங்க பின்னாடி ரெண்டு பேர்," என்றாள். எப்போது கையை எடுத்தாள் என்று தீர்த்தகிரிக்குத் தெரியவில்லை. ஒரு மடக்கு குடித்துவிட்டு, "சர்க்கரை கம்மி," என்றாள்.

அன்றிலிருந்து தினமும் புயல்காரியோடு ஒரு ஆட்டம், பக்கத்தில் ஒரு டீ. வெள்ளிக்கிழமை ஒரு வாய் இறங்கியது. சனிக்கிழமை அதுவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. படையை எடுக்க இருபது நொடி.

தீர்த்தகிரியின் அம்புக்குறி நேரே போய்ப் புயல்காரி மேல் நின்றது. செங்கோடன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

திரும்பிப் பார்த்தபோது அம்புக்குறி அங்கே இல்லை.

"என்னடா, அவளை விட்டுட்டியா?"

"விடலடா. அவளை எடுத்தா டீ இன்னும் ஆறிப்போகுது," என்று ஈட்டிக்காரர்களை அழுத்தினான் தீர்த்தகிரி.