எல்லா டேப்பும் முதல் டேப்

பம்புசெட் கம்பெனியின் புது ஆன்லைன் படிவத்தில் விற்பனை, கணக்கு, கிடங்கு என்று பிரிவுக்கு ஒரு பக்கமாக மூன்று டேப். தன் டேப்தான் முதலில் வர வேண்டும் என்று மூன்று மேலாளர்களுக்கும் பிடிவாதம். ஜெனரல் மேனேஜர் ஏகாம்பரம், புதிதாகச் சேர்ந்த புரோகிராமர் பெனசீரைக் கூப்பிட்டார்.

"மூணுமே முதல்ல இருக்கணும். முடியலேன்னா திங்கக்கிழமையிலேருந்து வராதேம்மா."

பெனசீர் ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி என்ற ஆயத்த நிரல் தொகுப்பு ஒன்றை எடுத்து, உள்ளே வருபவர் எந்த டேப்பை நிரப்ப வேண்டுமோ அதுவே முதலில் திறக்கும்படி எழுதினாள். திங்கட்கிழமை மூவரும் அவரவர் போனில் பார்த்துவிட்டு, ஜெயித்தது தான்தான் என்று மீசையைத் தடவிக்கொண்டார்கள். ஏகாம்பரமும் தன் போனில் பார்த்தார். ஒரு டேப்பும் திறக்கவில்லை.

"என்னம்மா, எனக்கு மட்டும் காலியா இருக்கு?"

"அவங்கவங்களுக்கு இருக்கற வேலைதான் சார் திறக்கும். உங்களுக்கு என்ன வேலைன்னு சொல்லுங்க, இப்பவே சேர்த்துடறேன்."

அதுவரை சண்டை போட்ட மூன்று மேலாளர்களும் ஒற்றுமையாகக் குனிந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.