ஒற்றைத் தோளில் துண்டு வந்த கதை

அந்தக் காலத்தில் ஓணானுக்கு வாய்ப்பேச்சு இருந்தது. பனைமரம்கூட ஆளைப் பார்த்து நாலு வார்த்தை பேசும். கடலோரத்துச் செம்மணல் மேடான தேரியில் அப்போது கத்திரி என்று ஒருத்தி உலாவினாள். சூரியனுக்கு மகள். சித்திரை கடைசியில் இறங்கி வருவாள், வைகாசி பாதியில் திரும்பிப் போவாள். இடைப்பட்ட நாளெல்லாம் தேரி அவளுடைய முற்றம்.

அவள் கண்ணை மூடிக்கொண்டேதான் நடப்பாள். திறந்தால் எதைப் பார்க்கிறாளோ அது எரிந்துபோகும். பெற்ற தகப்பனே அவளிடம், "ஆத்தா, கண்ணை மட்டும் தொறந்திராத" என்று கெஞ்சித்தான் கீழே அனுப்புவாராம். ஆனால் கோபம் வந்தால் அவள் யார் பேச்சையும் கேட்கிற பிறவி இல்லை.

ஒருநாள் கோவணத்தோடு ஒருவன் தேரிக்குள் வந்தான். வயிற்றைச் சொறிந்துகொண்டு, கொட்டாவி விட்டுக்கொண்டு, சொந்தக் கொல்லையில் நடக்கிற மாதிரி அவளுக்கு எதிரிலேயே நடந்தான். அவள் கண்ணைத் திறந்தாள். கோவணம்கூடக் கிடைக்கவில்லை. அன்றைக்கே கட்டளை போட்டாள்.

"என் தேரியைத் தாண்டுத ஆம்பளை எவனும் மேல்ல துணி இல்லாம வரப்படாது."

அந்தப் பக்கத்தில் மேல் என்றால் உடம்பு. மேல் வலிக்கிறது என்பார்கள், மேலெல்லாம் வியர்க்கிறது என்பார்கள். அதனால் கட்டளை எல்லாருக்கும் விளங்கியது. அவளால் பார்க்க முடியாது அல்லவா, அதற்காக ஓணானை வேலைக்கு வைத்துக்கொண்டாள். ஆள் நடமாட்டம் கேட்டால், "மேல்ல துணி இருக்கா?" என்று கேட்பாள். மரத்தில் இருந்தபடியே ஓணான் பதில் சொல்ல வேண்டும். "பொய் சொன்னா மொதல்ல உன்னையத்தான் பார்ப்பேன்" என்று சொல்லி வைத்திருந்தாள். பாவம், அது எங்கே பொய் சொல்லும்?

மனிதர்கள் துணியைச் சுற்ற ஆரம்பித்தார்கள். வேட்டிக்கு மேல் வேட்டி, சட்டைக்கு மேல் அங்கி, அதற்கு மேல் கம்பளிச் சால்வை. அப்படிச் சுற்றிக்கொண்டு போனவர்களில் பலர் பாதித் தேரியில் சுருண்டு விழுந்து செத்தார்கள். கத்திரி அவர்களைப் பார்க்கவே இல்லை. புழுக்கம்தான் கொன்றது. ஆனால் ஊரில் அப்படியா பேசினார்கள்? ஒரு துணி குறைந்துவிட்டது, அதனால்தான் போய்ச் சேர்ந்தான் என்றார்கள். அடுத்துப் போகிறவன் ஒன்று கூட்டிச் சுற்றினான், அவனும் விழுந்தான். அதற்கடுத்தவன் இன்னொன்று கூட்டினான். யாருக்கும் ஒன்றைக் குறைத்துப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

தேரிக்கு இந்தப் பக்கத்து ஊரில் கொம்பையா இருந்தான். அந்தப் பக்கத்து ஊரில் பூரணம் இருந்தாள். இரண்டு பேருக்கும் வைகாசி முதல் வாரத்தில் முகூர்த்தம் குறித்துவிட்டார்கள். அது தவறினால் பெண்ணை வேறு இடத்தில் கொடுத்துவிடுவதாக அவள் தகப்பனார் சொல்லிவிட்டார். இரவில் போகலாம் என்றால் இரவுக் காற்றில் தேரி இடம் மாறும், பாதை கிடைக்காது. போதாததற்கு, இருட்டில் வருகிறவனை மாப்பிள்ளை என்று ஏற்க மாட்டோம், கள்ளன் என்றுதான் கட்டிவைப்போம் என்பது அந்த ஊர் வழக்கம்.

கொம்பையாவுக்குச் சோறு இறங்கவில்லை. போன வைகாசியில் அவன் அண்ணன் மாயாண்டி இதே தேரியில் மாப்பிள்ளையாகப் போய்த்தான் விழுந்தான். துணிமூட்டையைத் தூக்குகிற மாதிரி அவனைத் தூக்கி வந்தார்கள். பிரித்துப் பார்த்தபோது உள்ளே அண்ணன் வெந்து போயிருந்தான். அதைக் கொம்பையா பார்த்துவிட்டான். அதற்கப்புறம் சால்வையைக் கண்டாலே அவனுக்கு மூச்சு முட்டும்.

பூரணம் ஒரு கிழவி மூலம் சொல்லி அனுப்பியிருந்தாள், கட்டளை ஆண்களுக்குத்தானே. "வராட்டாலும் நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். செத்து மட்டும் வர வேண்டாம்னு சொல்லுங்க."

இதைக் கேட்ட பிறகு அவன் எப்படிப் போகாமல் இருப்பான்?

புறப்படுகிற அன்று விடியும்போதே அக்காள் புருஷன் சுயம்பு அத்தான் வந்து நின்றார். மாப்பிள்ளைத் தோழன் அவர்தான், வேறு ஒருவரும் கூட வரத் துணியவில்லை. அத்தானுக்கு உடுத்துவதென்றால் உயிர். சந்தைக்குப் போனாலும் சரிகை வைத்த அங்கி வேண்டும் அவருக்கு. அன்று கொம்பையாவை நிற்க வைத்து அடுக்கடுக்காகச் சுற்றினார்.

"அத்தான், போதும். கையைத் தூக்க முடியல."

"மாப்ள கையத் தூக்கி என்ன செய்யப் போறீரு? ஒங்க அண்ணனுக்கு ஒரு சால்வை கொறைஞ்சு போச்சு. நான் அன்னைக்கே சொன்னேன், யாரு கேட்டா?" என்று இன்னொரு சால்வையைப் போர்த்தினார். தாமும் அதே அளவுக்குச் சுற்றிக்கொண்டார்.

சிவனம்மா அக்காள், கஞ்சி போட்டுக் காயவைத்து, கங்கு நிரப்பிய சொம்பால் தேய்த்து மடித்த வெள்ளைத் துண்டு ஒன்றைத் தம்பி கையில் கொடுத்தாள். "மொகம் தொடைக்க வச்சுக்கோ" என்றாள். புருஷனையும் தம்பியையும் ஒரே நாளில் அனுப்புகிறாள்.

தேரிக்குள் இறங்கியதும் ஊர்ச் சத்தம் நின்றுபோனது. மணல், பனை, முள் அடர்ந்த உடைமரம், மறுபடி மணல். வெயில் ஏற ஏறக் கொம்பையாவுக்குத் தன் இதயம் அடிப்பது காதுக்குள் கேட்டது. வியர்வை முதுகில் இறங்கி, துணிக்குள் கொதித்து, மறுபடி மேலேறி வந்தது. மூச்சை இழுத்தால் கம்பளி வாசம்தான் உள்ளே போனது. அண்ணனும் கடைசியாக இந்த வாசத்தைத்தான் இழுத்திருப்பான் என்று நினைத்துக்கொண்டான்.

உச்சி வேளைக்குச் சற்று முன் அனல் ஒன்று பக்கத்தில் வந்து நின்றது. பெண்குரல் கேட்டது.

"யாரோ வாராங்க. மேல்ல துணி இருக்கா?"

"ரெண்டு பேரு. இருக்கு தாயி, நெறைய இருக்கு" என்றது ஓணான் உடைமரத்திலிருந்து.

அனல் விலகிப் போனது. அத்தான் பெருமையாகத் திரும்பி, "பாத்தீரா?" என்றார். தேரிக்குள் அவர் பேசிய கடைசி வார்த்தை அதுதான். நாலெட்டு வைத்தார், முழங்கால் மடங்கி முகம் குப்புற மணலில் விழுந்தார்.

கொம்பையா அவரைப் புரட்டிப் போட்டான். கண் செருகியிருந்தது, உதடு வெளுத்திருந்தது. "அத்தான், அத்தான்" என்று உலுக்கினான். பதில் இல்லை. துணியைப் பிரித்தால் கத்திரி பார்த்துவிடுவாள். பிரிக்காவிட்டால் அண்ணன் போன மாதிரியே போய்விடுவார். தூக்கிக்கொண்டு ஓடலாம் என்றால் தன்மேல் இருக்கிற பாரத்தோடு அவனால் எழுந்திருக்கவே முடியவில்லை. அவன் அழுதுவிட்டான்.

"அழாதடே. கண்ணுல இருக்க தண்ணியும் போயிரும்" என்றது ஓணான்.

கொம்பையா நிமிர்ந்து பார்த்தான். ஓணான் மரத்தின் உச்சிக் கிளையில் இருந்தது. சட்டென்று அவனுக்கு ஒன்று தோன்றியது.

"நீ இருக்கது மேலயா கீழயா?"

"மேலதான்."

"எனக்கு மேல எது? காலா, தோளா?"

"தோளுதான். இதென்ன கேள்வி?"

"அப்போ தோள்ல துணி இருந்தா, மேல்ல துணி இருக்குன்னு சொல்லலாம்லா? அது பொய்யா?"

"பொய் இல்ல. ஆனா அவ உடம்பைல்லா சொன்னா" என்றது ஓணான்.

"அவ மேல்னுதான் சொன்னா. கேட்டான்னா தலைய மட்டும் ஆட்டு. கெளை அசையுத சத்தமே அவளுக்குப் போதும்."

சொல்லிவிட்டுக் கொம்பையா சால்வையை எடுத்தான். அங்கியை அவிழ்த்தான். சட்டையைக் கழற்றினான். கடைசியில் அவன் மேல் வெள்ளை வேட்டி ஒன்றுதான் மிச்சம். அக்காள் கொடுத்த துண்டை மடிப்புப் பிரிக்காமல் இடத்தோளில் வைத்தான். வெறும் மார்பில் காற்றுப் பட்டது. அந்தச் சுகத்தை அனுபவிக்க நேரம் இல்லை. அத்தானுக்கும் எல்லாவற்றையும் உருவி வேட்டியோடு விட்டு, வலத்தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு எழுந்தான்.

அனல் மறுபடி வந்தது. இந்த முறை வெகு நெருக்கத்தில்.

"ரெண்டு பேரு நடந்தாங்க. இப்போ ஒரு காலடிதான் கேக்கு. நடக்கவன் மேல்ல துணி இருக்கா?"

ஓணான் தலையை ஆட்டியது.

"தலைய ஆட்டுத சத்தம் எனக்குத் தெரியும். வாயத் தொறந்து சொல்லு."

ஓணானால் முடியவில்லை. பயத்தில் அதன் தொண்டை வீங்கி ரத்தமாகச் சிவந்தது. குரல் அங்கேயே அடைத்துக்கொண்டது. தலையை மட்டும் மேலும் கீழும், மேலும் கீழும் ஆட்டியது.

கத்திரி கையை நீட்டினாள். கொம்பையாவின் கழுத்துமயிர் பொசுங்கியது. ஓடினால் செத்தான் என்று அவனுக்குத் தெரியும். கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றான். அவள் விரல் வந்து அவன் இடத்தோளில் பட்டது. துண்டைத் தடவியது, மடிப்பின் ஓரத்தை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தது.

"மடிப்பு நல்லா இருக்கு" என்றாள். குரலில் கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது. "இத்தனை பேரு மூட்டை மாதிரி வந்தாங்க. ஒருத்தனும் எனக்காக இப்படி மடிச்சு வச்சுக்கிட்டு வந்ததில்ல. போ. மடிப்புக் கலைஞ்சா மட்டும் கண்ணைத் தொறந்திருவேன்."

இதைச் சொல்லிவிட்டு அவள் போய்விடவில்லை. பின்னாலேயே வந்தாள்.

கொம்பையா நடந்தான். ஒரு தோளில் அத்தான், மறு தோளில் துண்டு. இரண்டு கையும் அத்தானைப் பிடித்திருந்தன. குனிந்தால் துண்டு சரியும், வேகமாக நடந்தால் குலுங்கும், திரும்பிப் பார்த்தால் நழுவும். அதனால் நெஞ்சை நிமிர்த்தி, கழுத்தை அசைக்காமல், ஒவ்வொரு அடியாக அளந்து வைத்தான். முதுகில் அவள் மூச்சுப் பட்டுக்கொண்டே இருந்தது. ஓணான் மரத்துக்கு மரம் தாவி, தலையை ஆட்டியபடியே கூட வந்தது.

ஊர் எல்லைக்கல் கண்ணுக்குத் தெரிந்தபோது கடற்காற்று எழுந்தது. துண்டின் ஒரு நுனி மெல்லப் பிரிந்து படபடத்தது. கத்திரியின் இமை திறந்தது. கொஞ்சம்தான் திறந்தது. கொம்பையாவுக்கு இடப்பக்கம் நின்ற பனை, "ஐயோ" என்று ஒரு வார்த்தை சொன்னது. அடுத்த மூச்சில் கரிக்கட்டையாக நின்றது. அதற்கப்புறம் எந்தப் பனையும் வாய் திறந்ததில்லை. கொம்பையா தாடையைச் சாய்த்துத் துண்டின் நுனியைத் தோளோடு அழுத்தினான். அவன் பல் கிட்டிக்கொண்டது, கண்ணில் நீர் வழிந்தது. அப்படியே நடந்தான். இமை மெல்ல மூடிக்கொண்டது.

எல்லைக்கல்லில் பெண்வீட்டார் மேளத்தோடு நின்றார்கள். வெறும் மார்போடு வருகிற மாப்பிள்ளையைப் பார்த்ததும் பூரணத்தின் தகப்பனாருக்கு முகம் சுருங்கியது. "இது என்ன கோலம்? அங்கி எங்க, சால்வை எங்க?" என்று கேட்க வாயெடுத்தவர், மருமகனுக்குப் பின்னால் புகைந்துகொண்டிருந்த பனையைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

பூரணம்தான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்து அத்தான் முகத்தில் தண்ணீர் தெளித்தாள். அவர் இருமினார், கண்ணைத் திறந்தார். எல்லைக்கல்லைத் தாண்டி வந்த பிறகும் கொம்பையாவின் தாடை துண்டை விட்டு எழவே இல்லை. பூரணம் அவன் கன்னத்தைத் தொட்டு, "வந்துட்டீங்க. இனி நிமிரலாம்" என்று சொன்ன பிறகுதான் நிமிர்ந்தான்.

அந்த நாள் தொட்டுத்தான், வெயில் காலத்தில் நல்லது பொல்லாததற்குப் போகிற ஆண்பிள்ளை வெள்ளை வேட்டி உடுத்தி, மடிப்புக் கலையாத துண்டை ஒற்றைத் தோளில் மட்டும் போடுகிறான். வழியில் யாராவது விழுந்தால் தூக்கிக்கொள்ள மறு தோளைச் சும்மா விட்டுவைக்கிறான். அவன் நெஞ்சை நிமிர்த்தி, கழுத்தை அசைக்காமல், அளந்து அடி வைத்து வருவதைப் பார்த்து, என்ன மிடுக்கான நடை என்று சொல்கிறார்கள். அது பயந்து நடந்த நடை. வேலியில் இருக்கிற ஓணான் அவனைக் கண்டதும் தலையை ஆட்டுகிறதே, அவனுக்கு வணக்கம் வைக்கிறதென்றா நினைக்கிறீர்கள்? அவனுக்குப் பின்னால் வருகிறவள், "மேல்ல துணி இருக்கா?" என்று இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.