புள்ளியில்லாத கல்

"மூன்று நாளாகக் கேட்கிறேன். என் பிரதியில் என்ன பிழை?" என்றார் தேசிகர்.

நயினார் கல்லிலிருந்து ஒற்றியெடுத்துக் காய்ந்த மைப்படியைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

வைத்தியலிங்க தேசிகருக்கு வயது ஐம்பத்தாறு. மடத்தில் முப்பது வருஷம் இலக்கணம் சொன்னவர். அப்பாண்டை நயினாருக்கு முப்பத்திரண்டு. கல்லெழுத்து படிக்க வேண்டும் என்ற ஆசை தேசிகருக்குக் காலம் கடந்து வந்தது. அவரே தேடிப் போய், நயினாரின் முன்னால் வெற்றிலை பாக்கு வைத்துச் சிஷ்யரானார். அதிலிருந்து எந்த ஊருக்குப் போனாலும் ஜனங்கள் முதலில் தப்பான காலில்தான் விழுந்தார்கள்.

இந்த ஊரில் ஏரிக்கரையில், மதகை ஒட்டி, ஒரு கல் கிடைத்தது. மேல்பாதி உடைந்து போயிருந்தது. செதுக்கிய உருவமும் அதோடு போயிற்று. மிஞ்சியது ஒரே ஒரு வரி.

ஈரத்தாளைக் கல்லில் ஒற்றி, மை தட்டி, படி எடுத்தார்கள். கறுப்பில் எழுத்து வெள்ளையாக வந்தது. தேசிகர் கூடியிருந்தவர்கள் கேட்க உரக்கப் படித்தார்:

"கொற்றி எரி புகுந்தாள். இக்கல் அவளுக்கு."

தீப்பாய்ந்த அம்மன் என்று கூட்டத்தில் யாரோ கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

தேசிகர் தனியாகப் படித்த முதல் கல் அது. கல்லெழுத்துகளைத் தொகுக்கும் சர்க்கார் புத்தகத்தில் அச்சேறும்போது, படித்தவர் பேரும் கீழே அச்சேறும். பிரதியில் நயினார் கையெழுத்துப் போட்டால் நாளை வண்டியில் பட்டணத்துக்குப் போய்விடும். அவர் போடவில்லை.

"எழுத்து தேய்ந்திருக்கிறதா?"

"இல்லை."

"நான் ஏதாவது விட்டுவிட்டேனா?"

"இல்லை."

நயினார் தன் பேனாக்கத்தியை எடுத்துத் தேசிகரின் பிரதிக்குப் பக்கத்தில் வைத்தார். மைப்படியை மறுபடி விரித்தார்.

"கல்லில் இல்லாததை எல்லாம் சுரண்டிவிடுங்கள்."

தேசிகர் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். கல்லில் புள்ளியே கிடையாது. வெட்டியவன் ஒரு மெய்யெழுத்துக்கும் புள்ளி வைக்கவில்லை. பிரதியில் அத்தனைக்கும் இருந்தது.

"கை தானாக வைத்துவிடுகிறது" என்றார்.

சுரண்டத் தொடங்கினார். கொற்றியில் ஒன்று. புகுந்தாளில் இரண்டு. இக்கல்லில் இரண்டு. அவளுக்கு என்பதில் ஒன்று. மையைப் பெயர்த்துப் பெயர்த்து ஊதினார். கத்தியை மடக்கி நீட்டினார்.

நயினார் வாங்கவில்லை.

"எரியை விட்டுவிட்டீர்கள்."

"அதில் மெய்யே இல்லையே. சுரண்ட ஒன்றுமில்லை."

"அப்படியானால் நெருப்பு எங்கிருந்து வந்தது?"

தேசிகர் மைப்படியைப் பார்த்தார். எ. ரி.

ஏட்டில் இந்த எழுத்தை எத்தனை ஆயிரம் முறை கண்டவர் அவர். புள்ளி வைக்காத எழுத்தில், ஏடானாலும் கல்லானாலும், குறிலுக்கும் நெடிலுக்கும் ஒரே வடிவம். எரி என்றும் படிக்கலாம், ஏரி என்றும் படிக்கலாம்.

"ஏட்டில் எப்படிப் பிரிப்பீர்கள்?" என்று நயினார் கேட்டார்.

"சீர் காட்டிக்கொடுக்கும். எதுகை காட்டிக்கொடுக்கும்."

"இங்கே?"

இங்கே பாட்டு இல்லை. ஒருத்தி பேர், ஒரு எழுத்து, மதகு ஓரம். தேசிகர் கேட்டார்: "அப்படியென்றால் ஏரி என்று திருத்திவிடவா?"

அதுவும் கல்லில் இல்லை என்பதுபோல, நயினார் கத்தியை மறுபடி அவர் பக்கமே தள்ளினார்.

தேசிகர் எழுந்துவிட்டார். சாப்பாட்டு நேரம் ஆகியிருந்தது.

நயினார் தானே சமைத்துக்கொள்வார். தேசிகருக்கு மணியக்காரர் வீட்டில் இலை. அந்த வீட்டில் ஒரு மருமகள் உண்டு, பேர் செங்கமலம். புருஷன் இறந்து எட்டு மாதம். அவள் கூடத்துக்கு வருவதில்லை. அடுக்களையிலிருந்து அம்மி சத்தம் மட்டும் வரும்.

கல்லைப் படித்த அன்று மாமியார் சோறு போட்டபடியே, உள்ளே கேட்கும்படி சொன்னாள். எவளோ ஒருத்தி எரியில புகுந்து கல்லாகி நிக்கிறா, நம்ம வீட்டுது மூணு வேளையும் அடுக்களையில புகுந்து தின்னுக்கிட்டு நிக்குது. மறுநாளும் சொன்னாள். நேற்று, கல்லுக்குக் குங்குமம் வைக்கப் போன பெண்களும் அதையே திருப்பிச் சொன்னார்களாம். மூன்று நாளும் தேசிகர் அதைக் கேட்டுக்கொண்டு ரசம் சாப்பிட்டார்.

இன்றும் இலை போட்டாயிற்று. மாமியார் பருப்பை வைத்தாள்.

"சாமி வந்தப்புறம்தான் எங்க ஊரு கல்லுக்கே வாய் வந்துது" என்றாள். பிறகு குரலை உள்பக்கம் திருப்பினாள். "கேட்டுக்கோடி. எரியில புகுந்தாளாம்."

தேசிகர் சோற்றில் கை வைக்கவில்லை.

"அம்மா, அது எரியா ஏரியா என்று தெரியாது."

"என்னா சாமி?"

"நெருப்பில் போனாளோ, தண்ணீரில் போனாளோ. எழுத்து ஒன்றுதான். எது என்று சொல்ல வழியில்லை."

உள்ளே அம்மி நின்றது.

மாமியார் கரண்டியோடு நின்றாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"அன்னிக்கு ஊரே கேட்டுது, சாமி. நானும் கேட்டேன். நெருப்புன்னு கல்லே சொல்லுச்சே."

"கல் சொல்லவில்லை, அம்மா" என்றார் தேசிகர். "நான் சொன்னேன்."