புதுக் கட்டைக்குப் பழைய அளவு

"கட்டையை மாத்தியும் எனக்குக் குறி ஏன் வரலை கோச்?" என்று மரகதவல்லி கேட்டாள்.

நஸ்ரீன் குனிந்து, தரையில் உருண்டு ஓடிய குண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தாள்.

ஈரோட்டுக்கு வெளியே, முன்னே நூல் மில் ஓடின கொட்டகையில் இருக்கிறது அந்த ரேஞ்ச். ஏர் ரைஃபிள் சுடப் பழகுகிற இடம். பத்து மீட்டர் தள்ளி ஓர் அட்டை, அதன் நடுவில் கடுகைவிடச் சின்னதாக ஒரு புள்ளி. அதை நின்றபடி அடிக்க வேண்டும்.

கற்றுக்கொடுப்பவள் நஸ்ரீன். மரகதவல்லியைவிட ஐந்து வயது இளையவள். அதனால் குரு சிஷ்யையை அக்கா என்பாள். சிஷ்யை குருவைக் கோச் என்பாள். இருவருக்கும் அது ஒத்துப்போயிருந்தது.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை தேர்வு. நட்டநடுவில் பட்டால் ஒரு குண்டுக்குப் பத்துக்கு மேலேயும் புள்ளி உண்டு. அறுபது குண்டில் அறுநூறு புள்ளி தாண்டினால் மாநிலப் போட்டிக்குப் போகலாம். தாண்டாவிட்டால் ரைஃபிளைத் துடைத்து எண்ணெய் போட்டுப் பரணில் ஏற்றிவிடுகிறேன் என்று மரகதம் வீட்டில் சொல்லியிருந்தாள். யாரும் அவளை அப்படிக் கேட்கவில்லை. தானாகச் சொன்னதுதான். அவள் சொன்னதைக் கேட்ட வீட்டுக்காரர் பாப்பாவை வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

பாப்பாவுக்குப் பதினோரு மாதம்.

பிள்ளை பெற்றுத் திரும்பி வந்தபோது ரைஃபிளின் பழைய மரக்கட்டை அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. கழுத்து வலித்தது, தோள் நழுவியது. அதனால் குழலை மட்டும் வைத்துக்கொண்டு கட்டையை மாற்றினாள். புதிது அலுமினியத்தில் செய்தது. கன்னம் வைக்கிற இடம், தோளில் பதிகிற இடம், இடது கை தாங்குகிற இடம் எல்லாவற்றிலும் திருகாணி. ஏற்றலாம், இறக்கலாம், நீட்டலாம். ஆனாலும் புள்ளி ஐந்நூற்று எண்பத்தைந்தைத் தாண்டவில்லை.

"ராக்கெட்டுல போற சாமானாட்டம் இருக்குது அம்மிணி," என்றார் ரிப்பேர் மேசையிலிருந்து துரைசிங்கம். அங்கே துப்பாக்கிகளைப் பழுது பார்ப்பவர் அவர்தான். "குண்டு மட்டும் இன்னும் டவுன் பஸ்ஸுல போகுது."

"சும்மா இருங்கண்ணே," என்றாள் மரகதம்.

நஸ்ரீன் டப்பாவை மூடினாள்.

"இதுக்கு அளவு வச்சது யாரு?"

"நான் முடுக்கினேன்," என்றார் துரைசிங்கம். "அளவு அம்மிணி குடுத்தது. சீட்டு எழுதிக் கொண்டாந்தாங்க. அரை நூல் பிசகலை, வேணும்னா டேப் வச்சுப் பாருங்க."

"சீட்டு இருக்கா அக்கா?"

மரகதம் பர்ஸிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். பாப்பா தூங்கும்போது பழைய மரக்கட்டையை மடியில் வைத்து, தையல் டேப்பால் அளந்து எழுதியது. ஒவ்வோர் அளவுக்குக் கீழேயும் கோடு போட்டிருந்தாள்.

நஸ்ரீன் நின்றபடியே முழுக்கப் படித்தாள்.

"மரம் ஒத்துக்கலைன்னுதானே மாத்தினீங்க?"

"ஆமா கோச்."

"மரத்தோட அளவையே இதுக்கும் வச்சிருக்கீங்க."

"அதுலதானே நான் அறுநூத்திப் பதினெட்டு சுட்டேன்."

"எப்போ?"

"பாப்பா வயித்துல வர்றதுக்கு முந்தி."

துரைசிங்கம் சிரிக்க வாயெடுத்தார். நஸ்ரீன் திரும்பிப் பார்த்தாள். அவர் எதையோ தேடுகிறவர் போல மேசைக்கடியில் குனிந்துகொண்டார்.

மரகதம் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மெல்லச் சொன்னாள்.

"அந்த அளவு வந்துட்டா நானும் பழையபடி வந்துருவேன்னு நெனச்சேன்."

நஸ்ரீன் சீட்டை இருந்த மடிப்பிலேயே மடித்து அவள் கையில் கொடுத்தாள். "நல்ல அளவு. பத்திரமா வச்சுக்கங்க," என்றாள். "இப்போ சுடுற ஜாக்கெட்டைப் போடுங்க."

மரகதம் மூச்சை இழுத்துக்கொண்டு பொத்தான்களைப் பூட்டினாள். ரைஃபிளை எடுக்கப் போனாள்.

"அது இருக்கட்டும். பாப்பாவை எந்த இடுப்புல வச்சுக்குவீங்க?"

"இடதுல."

"வச்சுக் காட்டுங்க."

"பாப்பா வீட்டுலல்ல இருக்குது கோச்!"

"இருக்கட்டும். அடுப்புல பால் வச்சிருக்கீங்க. வலது கையில கரண்டி. பாப்பா இறங்க மாட்டேங்குது. பால் பொங்குற வரைக்கும் நிக்கணும். எப்படி நிப்பீங்க?"

மரகதத்துக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஓரக்கண்ணால் துரைசிங்கத்தைப் பார்த்தாள். அவர் தலை இன்னும் மேசைக்கடியில்தான் இருந்தது. நின்று காட்டினாள்.

இடது இடுப்பு தானாக வெளியே போனது. முதுகு கொஞ்சம் பின்னால் சாய்ந்தது. இடது முழங்கை வழி கேட்காமல் போய் இடுப்பில் உட்கார்ந்தது.

"அசையாதீங்க. கண்ணை மூடுங்க."

குண்டு போடாத ரைஃபிளை நஸ்ரீன் அவள் கையில் வைத்தாள்.

"தோளுக்குக் கொண்டுபோங்க. அது உங்ககிட்ட வரட்டும், நீங்க அதுகிட்டப் போகாதீங்க. சரி, கண்ணைத் திறங்க. என்ன தெரியுது?"

"ஒண்ணும் தெரியலை. கழுத்தைத் தூக்கினா குறி பாக்குற வளையம் தெரியும்."

"தூக்காதீங்க. துரைசிங்கம் அண்ணே, திருகாணிச் சாவி குடுங்க."

நஸ்ரீன் கன்னப் பலகையை இரண்டு நூல், கால் அங்குலம், ஏற்றினாள். மறுபடி கண்ணை மூடச் சொன்னாள், திறக்கச் சொன்னாள். கைத்தாங்கியை இறக்கினாள். மூடச் சொன்னாள், திறக்கச் சொன்னாள். தோள் தகட்டை நீட்டினாள், அது அதிகமாகிப் போய்க் கொஞ்சம் உள்ளே தள்ளினாள். எத்தனை தடவை என்று மரகதம் எண்ணவில்லை. கை மரத்துப்போகும்போதெல்லாம் ரைஃபிளை இறக்கி வைத்து, உதறிவிட்டு, மறுபடி இல்லாத பாப்பாவை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள்.

ஒரு தடவை கண்ணைத் திறந்தபோது, வளையத்துக்குள்ளே அட்டை வந்து காத்துக்கொண்டிருந்தது.

"கோச்..."

"தெரியுது, உங்க மூஞ்சியிலேயே தெரியுது."

"அடுப்படியில நிக்கிற மாதிரி நின்னா யாராச்சும் சிரிப்பாங்க."

"பதினோரு மாசமா தினம் பத்து மணி நேரம் பழகியிருக்கீங்க. நான் அதுல கால்வாசிகூடப் பழக்குனது இல்ல. யாரு சிரிக்கப் போறா?"

"நான் சிரிக்கலீங்க," என்றது மேசைக்கடியிலிருந்து ஒரு குரல்.

மரகதம் ரைஃபிளை மெதுவாக இறக்கினாள். "நாளன்னைக்குத் தேர்வு. இன்னைக்குப் போய் எல்லாத்தையும் மாத்திட்டோம். பயமா இருக்கு."

"எனக்கும்தான்," என்றாள் நஸ்ரீன்.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு நின்று சுடக் கடைசி லைன் கிடைத்தது. முதல் பத்துக் குண்டு சுமார். அடுத்த பத்து பரவாயில்லை. முப்பதுக்குமேல் கை அமைதியானது. கூட்டிப் பார்க்காமல் சுட்டாள்.

நாற்பத்தோராவது குண்டுக்கு விரல் வைத்தபோது வெளியே ஒரு குழந்தை அழுதது. அவளுடையது இல்லை, அவளுக்குத் தெரியும். ஆனாலும் ஜாக்கெட்டுக்குள்ளே மார்பு கனத்து நனைந்தது. குண்டு பத்தை விட்டு எட்டில் போய் விழுந்தது.

மரகதம் ரைஃபிளைத் தாங்கியில் வைத்தாள். பின்னால் நின்ற நஸ்ரீன் பேசக் கூடாது, அது விதி. அழுகை அடங்கும்வரை மரகதம் சும்மா நின்றாள். பழையபடி என்றால் பதறிப்போய் அடுத்த குண்டை அவசரமாக அடித்திருப்பாள். இப்போது இடுப்பைச் சரித்து நின்றுகொண்டு, பால் பொங்கட்டும் என்கிற மாதிரி காத்திருந்தாள். நேரம் ஓடியது. பிறகு எடுத்தாள்.

கடைசிக் குண்டு, நேரம் முடிகிற மணி அடிக்க அரை நிமிடம் இருக்கும்போது போனது.

அறுநூற்று ஒன்று புள்ளி மூன்று. தேறியவர் பட்டியலில் கடைசிப் பெயர் அவளுடையது. தன் பெயர்தானா என்று விரல் வைத்து இரண்டு தடவை படித்தாள். வீட்டுக்குப் போன் போட்டு, "பரண்ல இடம் ஒதுக்க வேண்டாம்," என்று மட்டும் சொன்னாள். அந்தப் பக்கம் வீட்டுக்காரர் என்ன சொன்னாரோ, ஜாக்கெட் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

கூட்டம் கலைந்த பிறகு நஸ்ரீன் அவளைத் தேடி வந்தாள். மரகதம் ரைஃபிளை மடியில் கிடத்திக்கொண்டு, சிவப்பு நகப்பூச்சுச் சீசாவைத் திறந்துகொண்டிருந்தாள்.

"என்னக்கா பண்றீங்க?"

"திருகாணித் தலையில இதை வச்சா இறுகிக்குமாம். இனி அசையாதுன்னு துரைசிங்கம் அண்ணன் சொன்னாரு. இந்த அளவு இப்படியே இருக்கட்டும் கோச். யாரும் தொட வேண்டாம்."

நஸ்ரீன் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மாநிலப் போட்டி எப்போ?"

"தையில. நாலு மாசம் இருக்கு."

"பாப்பா அப்போ என்ன பண்ணும்?"

"ஓடும்," என்று சிரித்தாள் மரகதம். "பால் மறந்திருக்கும். இடுப்புல நிக்கவே நிக்காது, அப்போ நான் நிக்கிறதும்..."

பாதியில் நிறுத்திவிட்டாள். தூரிகை நுனியில் சிவப்பு ஒரு சொட்டாகத் திரண்டு தொங்கியது.

"ஒரே அளவுல இருந்தாப் போதும்னா ஆணி அடிச்சுக் குடுத்திருப்பாங்கக்கா," என்றாள் நஸ்ரீன். "திருகாணி வச்சிருக்காங்க பாருங்க."