அம்மையாரின் தீர்ப்பு

"இதெல்லாம் நம்ம மடத்துக்கு வேண்டாம் அம்மா" என்றார் கோமதிநாயகம்.

ஜட்ஜாக இருந்து ஓய்வு பெற்றதும், பாபநாசத்து மடத்துக்கு வந்து, தன்னைவிட வயதில் சின்னவரான அம்மையாரைக் குருவாக ஏற்றவர். மடத்துக்கு விதிகள் எழுதச் சொல்லி, அமெரிக்க அரசியல் சட்டப் புத்தகத்தை அம்மையார்தான் அவர் கையில் கொடுத்திருந்தார்.

படித்த மனிதருக்குக் கோபம் கோபமாக வந்தது.

"என்ன மனுஷங்க இவங்க! சேர்ந்து சண்டை போட்டு ராஜாவைத் துரத்தினாங்க. கையோட, ஒருத்தரை ஒருத்தர் நம்பாம சட்டம் எழுதியிருக்காங்க. சட்டம் போட ஒரு சபை, நடத்த ஒருத்தர், தீர்ப்புக்கு வேற ஆளுங்க. ஒருத்தர் ஓடினா இன்னொருத்தர் பிடிச்சு நிறுத்தலாமாம். வேலை நடக்குமா?"

"மெதுவாத்தான் நடக்கும்."

"கெட்டவங்க ஆளுற இடத்துக்குச் சரி. இங்கதான் நீங்க இருக்கீங்களே."

அம்மையார் அவர் கையிலிருந்த புத்தகத்தை வாங்கி மூடினார்.

"செண்பகம் ஏன் போனா?"

செண்பகம் மடத்தில் சமைத்துக்கொண்டிருந்தவள். அட, அந்தப் பேச்சை அங்கே யாருமே எடுப்பதில்லை.

"பூஜைச் சொம்பைத் திருடினான்னு அனுப்பினோம்."

"திருடினான்னு சொன்னது யாரு?"

"நீங்க."

"விசாரிச்சது?"

"நீங்கதான்."

"வெளியே போன்னு சொன்னது?"

"அதுவும் நீங்கதான்."

"போன வாரம் கிணத்துல தூர் வாரினாங்க. சேத்துக்குள்ள சொம்பு கிடந்துச்சு."

கோமதிநாயகத்துக்கு முகம் வெளுத்துவிட்டது. பாவம், அவருக்கு இது தெரியாது.

"அன்னிக்கு அவ என்னைப் பார்க்கல ஐயா. உங்களைத்தான் பார்த்தா. ஜட்ஜய்யா ஒரு வார்த்தை கேப்பார்னு நினைச்சிருப்பா. ஏன் கேக்கல?"

"நீங்க தப்பு பண்ணுவீங்கன்னு எனக்குத் தோணவே இல்லம்மா."

"எனக்கும் தோணல" என்றார் அம்மையார்.

கோமதிநாயகம் எழுந்துவிட்டார். "நான் போய்க் கூட்டிட்டு வரேன். கால்ல வேணும்னாலும் விழுறேன்."

"நேத்து நானே போனேன். விழுந்தேன்."

"வர்றேன்னாளா?"

அம்மையார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"'அங்க எல்லாரும் ரொம்ப நல்லவங்கம்மா, எனக்குப் பயமா இருக்கு'ன்னுட்டா."