மீசையில் ஒட்டிய மஞ்சள்

"இந்தப் பிள்ளை வாயே திறக்க மாட்டேங்குது. மலாவிக்குப் போய் யாருக்கு என்னத்தைச் சொல்லிக் கொடுக்கப் போகுது?"

பயிற்சி முகாமின் தலைவர் டாக்டர் வரதராஜுலு குமாஸ்தாவிடம் சொன்னது, கதவுக்கு வெளியே நின்ற செங்கமலத்தின் காதில் விழுந்தது. கல்வராயன் மலையிலிருந்து வந்த கிராமச் செவிலியர் அவள். ஆப்பிரிக்க நாடான மலாவிக்குப் போகும் சுகாதாரக் குழுவில் ஓர் இடத்துக்காக ஒரு மாதமாகப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் அவளை உள்ளே கூப்பிட்டார்.

"அங்க நம்ம பாஷை புரியாது, கரண்டும் இருக்காது. ஒரு வார்த்தை பேசாம, படம் போடாம, கையால கிருமி எப்படிப் பரவுதுன்னு நாளைக்குக் காட்டு. முடியலைன்னா பட்டியல்ல உன் பேர் கிடையாது."

"சரிங்க சார். நீங்க எப்பவும் போல இருந்தா போதும்," என்றாள் செங்கமலம்.

வெளிநாட்டுப் பழக்கம் வரட்டும் என்று டாக்டர் தினமும் எல்லோருடனும் கைகுலுக்குவார். மறுநாளும் குலுக்கிக்கொண்டே வந்து, கடைசியாக நின்ற செங்கமலத்தின் கையையும் குலுக்கினார். வழக்கம்போலத் தம் வெள்ளை மீசையை நீவினார். மூக்கைச் சொறிந்தார். மேசைமேல் தமக்கு வைத்திருந்த தட்டிலிருந்து இட்லியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு, "ம், ஆரம்பி," என்றார்.

செங்கமலம் தன் உள்ளங்கையை விரித்தாள். அதில் மஞ்சள் தூள். பிறகு முகம் பார்க்கும் கண்ணாடியை அவர் முன்னால் பிடித்தாள். மீசை மஞ்சள், மூக்கு மஞ்சள், மிச்சமிருந்த இட்லியும் மஞ்சள். முதலில் குமாஸ்தா சிரித்தார். அப்புறம் அறையே சிரித்தது.

டாக்டர் குழாயடிக்குப் போய், சோப்புப் போட்டு, நாற்பதுவரை எண்ணிக் கைகழுவினார். திரும்பி வந்து, பட்டியலின் முதல் வரியில் செங்கமலத்தின் பெயரை எழுதினார்.