ஒரே கேபிளில் இரண்டு டிஸ்க்

“டீச்சர், இப்ப ரெண்டுமே காணாமப் போச்சு!”

தில்லைநாயகம் பழைய கம்ப்யூட்டர் பெட்டியை ரிப்பேர் கடை மேசைமேல் இறக்கிவிட்டு மூச்சு வாங்கினார். அறுபத்து மூன்று வயது. ஊர் நிலத்தையெல்லாம் சங்கிலி போட்டு அளந்த சர்வேயர். ரிடையரானதும் முப்பத்து நான்கு வயது ஷமீமாவிடம் கம்ப்யூட்டர் ரிப்பேர் கற்றுக்கொள்ள வந்து சேர்ந்தார். ஊர் சிரித்தது. சிரிக்கட்டுமே!

ஷமீமா ஸ்டூலைக் காட்டினாள்.

அவர் உடனே உட்காரவில்லை. வந்தால் முதல் வேலை ஃபேன்தான். முழு வேகத்தில் திருப்பிவிட்டு, அதற்கு நேர் கீழே ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். மனுஷருக்கு ஃபேன் இல்லாமல் ஒரு நிமிஷம் ஓடாது.

“சொல்லுங்க சார்.”

“என் ஹார்ட் டிஸ்க் ஒண்ணு ஒழுங்கா ஓடிக்கிட்டு இருந்துச்சு. நேத்து வடிவோட டிஸ்க்கையும் சேர்த்து மாட்டினேன். அது திரையில தெரியல. இப்ப என்னோடதும் தெரிய மாட்டேங்குது.”

வடிவு அவர் மனைவி. இறந்து மூன்று வருஷமாகிறது. பெட்டியே அவளுடையதுதான். பார்வையில்லாத பிள்ளைகளுக்காகப் பள்ளிப் பாடங்களை வாசித்து அதில் பதிவு செய்வாள். அவள் போனதும், கை தவறி எதையாவது அழித்துவிடுவோமோ என்று பயந்து, அந்த டிஸ்க்கைக் கழற்றிப் பீரோவில் அவள் சேலைகளுக்கு நடுவே வைத்துவிட்டு, வேறொன்றை மாட்டிக்கொண்டார்.

“இப்ப ஏன் எடுத்தீங்க?”

அவர் தரையைப் பார்த்தார்.

“குரல் மறந்து போகுது டீச்சர். முகம் ஞாபகம் இருக்கு, போட்டோவும் இருக்கு. குரல் மட்டும் எவ்வளவு நினைச்சாலும் வர மாட்டேங்குது. இந்த டிஸ்க்கும் செத்துப் போயிருந்தா நான் எங்க போவேன்?”

ஷமீமா மூடியைக் கழற்றினாள். இரண்டு டிஸ்க்கும் ஒரே பட்டைக் கேபிளில் தொங்கின. சுவிட்சைப் போட்டாள்.

“அவங்க டிஸ்க் மேல கையை வைங்க.”

வைத்தார். உள்ளங்கையில் மெல்ல அதிர்ந்தது.

“ஓடுது!”

“ம்.”

“அப்புறம் ஏன் தெரியல?”

அவள் பெட்டியை அணைத்துவிட்டு, டிஸ்க்குகளின் முதுகில் டார்ச் அடித்தாள். வரிசையாக ஊசிகள். அவற்றின்மேல் அரிசி அளவில் ஒரு கறுப்புக் குல்லாய்.

“இது என்ன சார்?”

“ஜம்பர். ஒரே கேபிள்ல ரெண்டு இருந்தா, எது மாஸ்டர், எது ஸ்லேவ்னு பெட்டிக்கு இதுதான் சொல்லும். நீங்க சொல்லித் தந்ததுதானே.”

“வடிவம்மாவோடது?”

“மாஸ்டர்.”

“உங்களோடது?”

“அதுவும் மாஸ்டர்.”

“ஒரே கேபிள்ல ரெண்டு மாஸ்டர் இருந்தா பெட்டி ரெண்டையுமே கண்டுக்காது. தெரிஞ்சேதான் வச்சீங்களா?”



“ஸ்லேவ்னா அடிமைன்னு அகராதியில போட்டிருக்கு டீச்சர். உயிரோட இருந்தப்ப அவளை நான் ஒரு நாளும் முன்னால நிக்க விட்டதில்ல. செத்த பிறகும் அவளோடதை அடிமைன்னு வைக்க எனக்கு மனசு வரல.”

“நல்ல மனசுதான். உங்களோடதை?”

“என்னோடதையா?”

அவள் ட்வீசரை அவர் பக்கம் நகர்த்திவிட்டு, ஒரு கீபோர்டைத் துடைக்க ஆரம்பித்தாள்.

“என்னோடது வாங்கும்போதே மாஸ்டராத்தான் இருந்துச்சு டீச்சர்.”

“கடையில எல்லாமே அப்படித்தான் சார் வருது.”

கீபோர்டு துடைத்து முடிந்தது. அவள் அடுத்ததை எடுத்தாள்.

தில்லைநாயகம் கண்ணாடியை மூக்கில் ஏற்றினார். தன் டிஸ்க்கின் குல்லாயைப் பிடுங்கினார். அது நழுவிக் கீழே விழுந்தது. இந்த வயதில் மேசைக்கடியில் மண்டிபோட்டுத் தேடி எடுத்து, ஸ்லேவ் என்று போட்டிருந்த ஊசிகளில் செருகினார்.

சுவிட்சைப் போட்டார்.

திரையில் இரண்டு பெயர்கள் வந்தன. அவளுடையது மேலே, அவருடையது கீழே. பெட்டி அவள் டிஸ்க்கிலிருந்தே கிளம்பியது. அவர் ஒரு நாளும் எட்டிப் பார்க்காத அவள் திரை விரிந்தது. ‘பாடம்’ என்றொரு ஃபோல்டர். முதலில் இருந்ததைத் தட்டினார்.

“...கரிசல் மண் ஈரத்தை நெடுநேரம் பிடித்து வைத்திருக்கும்...”

“அவதான்! அவளேதான் டீச்சர்!” கண்ணீரைத் துடைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

குரலுக்குப் பின்னால் ஏதோ கடகடவென்று ஓடிக்கொண்டே இருந்தது. பாதி வார்த்தை பிடிபடவில்லை.

“என்ன சத்தம் இது? டிஸ்க்ல கோளாறா?”

“கோளாறு இல்ல. கேளுங்க.”

பாடம் நின்றது. பதிவில் வடிவு வேறு பக்கம் திரும்பிப் பேசினாள்.

“ஏங்க, அந்த ஃபேனைக் கொஞ்சம் நிறுத்துங்களேன். பிள்ளைகளுக்கு ஒண்ணும் கேக்காது.”

தள்ளியிருந்து ஓர் ஆண் குரல் வந்தது. அவருடைய குரல்தான்.

“ஏளா, எனக்குப் புழுங்குது. நீ பாட்டுக்கு வாசி.”

தில்லைநாயகம் பதிவை அங்கேயே நிறுத்தினார். எழுந்து சுவரோரம் போய் ஃபேனை அணைத்தார். றெக்கை சுற்றி ஓயும்வரை அங்கேயே நின்றார்.

திரும்பி வந்து உட்கார்ந்தார்.

“இப்ப வாசி, வடிவு” என்றார்.